இந்தியா மெஷினைத் தட்டிப் பார்த்த கதை

ஊத்துக்குளி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏழு பேர் உட்கார்ந்து ஆறு வாரம் ஒரே புத்தகத்தைப் படித்தோம். அமிதவ் கோஷ் எழுதிய 'இன் ஆன் ஆண்டிக் லேண்ட்', 1992-ல் வந்தது. படித்து முடித்ததும் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. கோஷ் எகிப்துக்குப் போனதுபோல நாம் எகிப்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை, நம் தெருவிலேயே லைன் வீடுகளில் ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் குடியிருக்கின்றன, அங்கே போய்ப் பேசிவிட்டு எழுதினால் போதும் என்று நான்தான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

ஏழில் ஆறு தேறவில்லை. என்னுடையதும் அந்த ஆறில் ஒன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறவன் ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். தேறிய அந்த ஒன்று எப்படித் தேறியது என்பதுதான் எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

யார் யார்

கடைக்காரர் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும், பத்தாவதோடு நிறுத்திவிட்டு கோயமுத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டப் பழகி வந்து சொந்தக் கடை போட்டவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தறி குடோன் வைத்திருக்கும் ஒருவர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா. ஆங்கிலம் எம்.ஏ. படிக்கும் பெண். அவளுடைய சித்தப்பா, அவருக்கு விவசாயம். அப்புறம் நான், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஐரோப்பாக்காரன் அனுப்பும் மெயிலுக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளுகிறவன்.

ஆங்கிலத்தில் புத்தகத்தைப் படித்தது மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு வாயால் சொன்னோம். இது குறை என்று முதலில் நினைத்தேன், போகப் போக இதுவே நல்லதாகப் போயிற்று. வாயால் சொல்லும்போது கேட்கிறவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், சொல்கிறவன் மழுப்ப முடியாது.

புத்தகம் என்ன சொல்கிறது

கோஷ் 1956-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, 1980-ல் எகிப்தின் நைல் டெல்டாவில் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போய்த் தங்குகிறார். அப்போது வயது இருபத்து மூன்று, இருபத்து நான்குதான். புத்தகத்தில் அந்த ஊருக்கு லதைஃபா என்று பெயர் வைத்திருக்கிறார். அபு அலி என்ற குண்டு மனிதரின் வீட்டு மொட்டை மாடியில், முன்பு கோழி அடைத்த அறையில் குடித்தனம். ஊர்க்காரர்களின் வாழ்க்கையை ஆராயப் போனவரை ஊர்க்காரர்கள் உட்கார வைத்து ஆராய்கிறார்கள்: உங்க ஊர்ல மாட்டைக் கும்பிடுவீங்களாமே? செத்தவங்களை எரிப்பீங்களாமே? ஆம்பிளைங்களுக்கு சுன்னத்து கிடையாதாமே, அப்புறம் எப்படிச் சுத்தமா இருப்பீங்க?

இது ஒரு கயிறு. இன்னொரு கயிறு எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் பழசு. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா என்ற யூதக் கோயில் இருக்கிறது. கடவுள் பெயர் எழுதிய காகிதத்தை யூதர்கள் தூக்கிப்போட மாட்டார்கள், ஒரு அறையில் போட்டு வைப்பார்கள், அதற்கு கெனிஸா என்று பெயர். நம் வீட்டில் காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. அப்படிச் சேர்ந்த குப்பையில் வியாபாரக் கடிதம், கணக்கு, கல்யாணப் பத்திரம் எல்லாம் கிடந்தது. 1896-97-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அதில் பெரும்பங்கைக் கேம்பிரிட்ஜுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடிதங்களில் ஒரு வியாபாரி வருகிறார், ஆபிரகாம் பென் யிஜு. துனிசியாவின் மஹ்தியாவில் பிறந்து, ஏமன் துறைமுகமான ஏடன் வழியாக மங்களூர் வந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே பதினேழு பதினெட்டு வருஷம் இருந்தவர். மிளகு, பாக்கு, இரும்பு அனுப்புவார். வெண்கலப் பட்டறை வைத்திருந்தார், ஏடனிலிருந்து பழைய செம்பு பித்தளையை அனுப்பிப் புதுப் பாத்திரமாகச் செய்து வாங்குவார்கள். காகிதம் மட்டும் மங்களூரில் கிடைக்காது, அதை நண்பர்கள் ஏடனிலிருந்து அனுப்புவார்கள். 1132-ல் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்கிறார், கல்யாணம் செய்துகொண்டார் என்று தெரிகிறது.

இந்த பென் யிஜுவுக்கு ஒரு ஆள் இருந்தான், அடிமை என்று கடிதம் சொல்கிறது, ஆனால் கடல் தாண்டி ஏடன் வரை போய் வியாபாரம் பேசி வந்தவன். அவன் பெயர் ப-ம-ஹ என்று மூன்று எழுத்தாக மட்டும் நிற்கிறது. 1148-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவன் எட்டிப் பார்க்கிறான், அந்தக் கடிதம் ஜெருசலேமில் இருக்கிறது, எண் எச்.6. கோஷ் அந்த மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு மங்களூர் வந்து, துளு நாட்டுப் பூத வழிபாடுகளையெல்லாம் விசாரித்து, பெயர் 'பொம்மா'வாக இருக்கலாம் என்ற இடத்துக்கு வருகிறார். கடிதங்கள் எபிரேய எழுத்தில் எழுதிய அரபி. பண்டிதர்களுக்கே கஷ்டமான அந்த அரபியைப் படிக்க அவருக்குக் கைகொடுத்தது, லதைஃபாவில் விவசாயிகளிடம் கற்றுக்கொண்ட பட்டிக்காட்டுப் பேச்சு.

இந்த இடத்தில் தறிக்காரர் சொன்னார்: "ராஜா கதை எல்லாரும் எழுதறாங்க. இந்த மனுஷன் கணக்குப்பிள்ளைக்குக் கீழ இருந்தவனைத் தேடி இத்தனை தூரம் வந்திருக்காருங்க. பெரிய விஷயம்." அவர் குடோனில் பதினோரு வருஷமாக வேலை செய்யும் ஒரு பீகார்க்காரரின் முழுப் பெயர் அவருக்குத் தெரியுமா என்று நர்ஸ் அக்கா கேட்டார். தெரியவில்லை. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எங்கேயோ இருக்குதுங்க என்றார்.

மெஷின்

மூன்றாவது வாரம்தான் கூட்டம் சூடு பிடித்தது, காரணம் ஒரு தண்ணீர் பம்பு. லதைஃபாவில் அப்போது இந்தியாவில் செய்த டீசல் பம்புகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் அதை 'மகனா ஹிந்தி' என்பார்கள், இந்தியா மெஷின். ஹிந்தி என்றால் அரபியில் இந்தியன், இந்தியாவைச் சேர்ந்தது. யாராவது புதுப் பம்பு வாங்கினால் ஊரில் இருக்கும் ஒரே ஹிந்தியான கோஷைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, எப்படி இருக்கு சொல்லுங்க டாக்டர் என்று கேட்பார்கள். அவருக்கு டீசல் இன்ஜினும் தெரியாது, பம்பும் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, நல்ல மெஷின்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். தெரியாது என்று சொன்னால் இந்தியாவின் மானம் போய்விடும்.

கடைக்கார அண்ணன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஏனுங்க, வெளியிலிருந்து தட்டிப் பார்த்தா எதுவும் தெரியாதுங்க. ஆனா ஃபவுண்டரியில வார்ப்புல கீறல் இருந்தா தட்டுற சத்தத்துல தெரியும். அவரு தெரியாமயே சரியான வேலையைத்தான் செஞ்சிருக்காரு" என்றார். எம்.ஏ. மாணவி இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பம்புக்குப் பேர்போன ஜில்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததால் கிடைத்த விளக்கம் இது, ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் வராது.

சிரிப்பு அடங்கியதும் நர்ஸ் அக்கா வேறொன்றைப் பிடித்தார். கோஷ் வங்காளி. எகிப்தில் அவர் பெயர் ஹிந்தி. இங்கே ஒடிசாவிலிருந்து வருகிறவன் வீட்டில் பேசுவது ஒடியா, ஹிந்தி அவனுக்கும் பள்ளிக்கூடத்திலோ வேலைக்கு வந்த இடத்திலோ கற்றுக்கொண்ட பாஷைதான், ஆனால் நமக்கு அவன் இந்திக்காரன். ஆஸ்பத்திரியில் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில்கூட சில நேரம் பையா (இந்தியில் அண்ணன்) என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம் என்றார். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

நாற்காலி மாறியது

நான் இந்தப் புத்தகத்தை முன்பு ஒரு தடவை தனியாகப் படித்திருக்கிறேன். அப்போது கோஷின் தோளில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். படித்த இந்திய இளைஞன், விவரம் தெரியாத கிராமத்தார் கேட்கும் கேள்வியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான், பாவம், அவ்வளவுதான். ஊத்துக்குளி மாடியில் ஏழு பேரோடு படித்தபோது எங்களில் ஒருவருக்கும் கோஷ் நம்மாள் என்று தோன்றவில்லை. மாணவியின் சித்தப்பா நாலாவது வாரம் பச்சையாகச் சொன்னார்: "நாம அந்தக் கேள்வி கேக்கற கூட்டம்ங்க."

உண்மை. கொங்கு நாட்டில் புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தால் முதலில் சொம்பில் தண்ணீர் வரும், மரியாதையில் குறை இருக்காது, வாங்க, உட்காருங்க, எல்லாம் 'ங்க' போட்டுத்தான். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேள்வியும் வந்துவிடும். எந்த ஊருங்க, அந்த ஊர்ல யார் வூடு, கடைசியில் சுற்றி வளைத்து நீங்க என்ன கூட்டம், அதாவது என்ன குலம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை நமக்கு எதிரில் இருப்பவர் ஒரு மனிதராக உருவம் கொள்வதில்லை, அவரை எந்த அலமாரியில் வைப்பது என்று கை தடுமாறும். லதைஃபாக்காரர்களுக்கு மாடும் சுடுகாடும் சுன்னத்தும் எப்படியோ அப்படித்தான் நமக்கு இது. கேட்கிறவனுக்கு அது வெறும் விசாரிப்பு, கேட்கப்படுகிறவனுக்கு வயிற்றில் என்ன செய்யும் என்று நாம் யோசித்ததில்லை. நர்ஸ் அக்கா இந்தப் பேச்சு முழுவதிலும் பேசாமல் இருந்தார். அவரிடம் அந்தக் கேள்வியை எத்தனை பேர், எப்படி எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

புத்தகத்தில் ஒரு இடம் உண்டு. நபீல் என்ற இளைஞனின் வீட்டில், கூட்டத்துக்கு நடுவில், மறுபடியும் எரிப்பது, சுன்னத்து என்று கேள்வி அடுக்குகிறார்கள், கோஷ் எழுந்து வெளியே ஓடிவிடுகிறார். நபீல் பின்னால் வந்து, வெறும் வழக்கத்தைப் பற்றித்தானே கேட்டார்கள், இதற்குப் போய் ஏன் இப்படி என்கிறான். கோஷ் அவனுக்குப் பதில் சொல்வதில்லை, நமக்குச் சொல்கிறார். 1964-ல் அவர் சிறுவன், அப்பாவுக்கு டாக்காவில் தூதரக வேலை. கலவரத்தில் இந்துக்கள் அவர்கள் வீட்டு வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள், மதிலுக்கு வெளியே தீப்பந்தத்தோடு கும்பல். அதே நாட்களில் கல்கத்தாவில் முஸ்லிம்களுக்கு அதே கதி. மாடும் சுன்னத்தும் அந்த மண்ணில் வெறும் வழக்கமாக இருந்ததில்லை, யார் உயிரோடு இருப்பது என்று முடிவு செய்த அடையாளங்கள். எகிப்துக் கிராமத்தானுக்கு அது தெரிய வழியில்லை, அவன் அப்பாவி. இரண்டு பேர் பக்கமும் நியாயத்தோடு ஒரு காட்சி இப்படி எழுதப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இமாம் சண்டையும் அப்படித்தான். ஊர் இமாம் மூலிகை வைத்தியம் தெரிந்தவர், கோஷ் அதைப் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறார், இமாமுக்கோ பழைய வைத்தியத்தில் நம்பிக்கை போய், ஊசி போடக் கற்றுக்கொண்டு சிரிஞ்சை எடுத்துக் காட்டுகிறார். பின்னால் ஒரு நாள் கடைத்தெருவில் வாக்குவாதம் முற்றுகிறது. பிணத்தை எரிப்பவர்களா நீங்கள், மேல்நாட்டுக்காரன் எரிக்கிறானா, அவனிடம் துப்பாக்கி இருக்கிறது, டாங்கி இருக்கிறது, குண்டு இருக்கிறது என்கிறார் இமாம். எங்களிடமும் இருக்கிறது, அணுகுண்டே வெடித்திருக்கிறோம் என்று கோஷ் கத்துகிறார். கத்தி முடித்த பிறகு அவருக்கு வெட்கம் வருகிறது: இரண்டு பழைய நாகரிகங்களின் ஆட்கள் தெருவில் நின்று, மேல்நாட்டின் ஆயுதத்தில் எனக்கு எவ்வளவு பங்கு உனக்கு எவ்வளவு பங்கு என்று அடித்துக்கொள்கிறோமே என்று. இந்தப் பகுதி 1986-லேயே 'தி இமாம் அண்ட் தி இண்டியன்' என்று தனிக் கட்டுரையாக கிரான்டா இதழில் வந்தது. தலைமையாசிரியர் இதைக் கேட்டுவிட்டு, பயணக் கட்டுரையில் எழுதுகிறவன் தோற்பதை நான் படித்ததே இல்லை என்றார். எங்கள் தலைமுறைக்குப் பயணக் கட்டுரை என்றால் ஏ.கே. செட்டியார், தன்னைத் துளியும் முன்னால் நிறுத்தாமல் எழுதுவார், அது ஒரு அடக்கம், இவர் தன்னை நடுவில் நிறுத்தித் தானே அடி வாங்குகிறார், இதுவும் ஒரு அடக்கம்தான் போலிருக்கிறது என்றார். நல்ல பேச்சு. அப்படிப் பேசியவர்தான் அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தோடு லைன் வீட்டுக்குப் போனார்.

நடுவில் கொடுமணல்

ஐந்தாவது வாரம் மாடியில் உட்காராமல் பைக்கில் கொடுமணல் போனோம். சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பார்கள். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக கரூர் போகும் பெருவழியில் இருந்த தொழில் ஊர். பல முறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, பச்சைக்கல், படிகம், சூதுபவளத்தில் பாசி அறுத்த பட்டறை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில். போய்ப் பார்த்தால் காடுதான், கல்வட்டமும் நட்டு வைத்த நெடுங்கல்லும் இருக்கும், ஆடு மேயும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தறிக்காரர் ஏமாந்தார்.

பானை ஓட்டில் இருக்கும் பெயர்களில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் உண்டு, வடக்கேயிருந்து வந்தவர்கள் இங்கே புழங்கியிருக்கிறார்கள், சூதுபவளக் கல்லே குஜராத் பக்கமிருந்துதான் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்று மாணவி சொன்னாள். "அப்பவே பையாங்க வந்துட்டாங்களா?" என்றார் தறிக்காரர். ஆமாங்க, அப்போ ஓட்டில் பெயரையாவது எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார் நர்ஸ் அக்கா. தறிக்காரர் திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அந்த ஆதார் ஜெராக்ஸைத் தேடி எடுத்துவிட்டதாக வாட்ஸப்பில் போட்டார், பெயரையும் எழுதினார்.

இரண்டு பக்கம்

சரி, எழுதிய கதைக்கு வருவோம்.

தலைமையாசிரியர் போன லைன் வீட்டில் பத்துப் பன்னிரண்டு அறை. நோட்டைப் பிரித்து வைத்து, பெயர், மாவட்டம், படிப்பு, சம்பளம், ஷிப்டுக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது அறையில் கதவைச் சாத்திவிட்டார்கள். நாலாவது அறை தானாகவே சாத்திக்கொண்டது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதும், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்ததும் அவருக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் தான் போய் நின்றபோது வெள்ளை வேட்டி, நோட்டு, பேனா, கணீர்க் குரல், இதெல்லாம் எதிரில் இருப்பவனுக்கு என்ன மாதிரி தெரியும் என்று அவர் எண்ணவில்லை. புத்தகத்தில் இதற்கு நேர் தலைகீழாக ஒரு காட்சி இருக்கிறது. டமன்ஹூருக்குப் பக்கத்தில் சீதி அபு ஹசீரா என்ற யூத ஞானியின் சமாதிக்குப் போன கோஷை அங்கிருக்கும் போலீஸ்காரர்கள் பிடித்து வைத்து, நீ யூதனும் இல்லை, முஸ்லிமும் இல்லை, உனக்கு இங்கே என்ன வேலை என்று விசாரிக்கிறார்கள். அவரிடம் சொல்வதற்குப் பதிலே இல்லை. அதைப் படித்துவிட்டுப் போய் நாம் விசாரணை அதிகாரி வேஷம் கட்டியிருக்கிறோம். அவர் எழுதிய இரண்டு பக்கமும் அட்டவணை.

மாணவி எழுதியது கண்ணீர். கொசுவத்திப் புகை, தொங்கும் துணி, சுவரில் ஜகந்நாதர் படம், ஏழ்மை. அவளே வாசித்துவிட்டு, இதில் அவங்க ஒரு வார்த்தைகூடப் பேசலைங்க அண்ணா என்றாள். அது போதும், அவள் அடுத்த முறை நன்றாக எழுதிவிடுவாள். சித்தப்பா எழுதியது தேங்காய் உரிக்க ஆள் கிடைக்காத கஷ்டம். தறிக்காரர் எழுதியது ஹோலிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்ற குறை, முதல் வரியில் மட்டும் அந்தப் பெயர் முழுசாக இருந்தது. நர்ஸ் அக்காவுடையது கிட்டத்தட்டத் தேறியது, பிரசவ வார்டில் ஒரு பெண் வலியை எந்த மொழியில் சொல்வது என்று தவித்ததைப் பற்றி, ஆனால் பாதியில் அவர் யூனிபார்மைப் போட்டுக்கொண்டுவிட்டார், ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

என்னுடையது எப்படி இருந்தது? பனியன் வாங்கும் பையருக்கு அனுப்பும் ரிப்போர்ட் மாதிரி. எகிப்து விவசாயிகள் ஈராக்குக்கு வேலைக்குப் போனதையும் ஒடிசாக்காரர்கள் திருப்பூருக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தேன். ஒப்பீடு தப்பில்லை. ஈரான்-ஈராக் போர் நடந்த எட்டு வருஷமும் ஈராக் ஆண்கள் போர்முனையில், அந்த வேலைக்கு எகிப்திலிருந்து ஆள் போனது. 1988-ல் கோஷ் திரும்பிப் போனபோது மண் வீடுகள் செங்கல் வீடாகி, டிவியும் ஃபிரிட்ஜும் வந்திருக்கின்றன. நபீலும் பாக்தாத் போய் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ், லட்சக்கணக்கான பேர் பாலைவனம் வழியாக ஓடி வருகிறார்கள், ஊரில் நபீலின் வீட்டார் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் அவன் முகத்தைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. 2020 ஊரடங்கில் தலையில் மூட்டையோடு நடந்தவர்களை நாமும் டிவியில்தான் பார்த்தோம். இதையெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் நான் முன்பே அறிந்தது, லைன் வீட்டுக்குப் போகாமலேயே எழுதியிருக்கலாம். ஒரு மணி நேரம் போனில் ரெக்கார்ட் செய்துகொண்டு வந்ததில் எனக்குப் புதிதாக எதுவும் நடக்கவில்லை, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவசரமும் ஒரு காரணம். கோஷ் 1980-ல் பார்த்ததைக் கட்டுரையாக எழுத ஆறு வருஷம், புத்தகமாக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1984 டெல்லி கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர் அதைப் பற்றிய கட்டுரையை எழுதியது 1995-ல். கம்போடியாவைப் பற்றிய நீண்ட கட்டுரையில் அந்நாட்டுச் சர்வாதிகாரியாக இருந்த போல் பாட்டைத் தேடிப் போய், அவருடைய அண்ணியான அரண்மனை நடனக்காரி ச்சியா சமியிடம் உட்கார்ந்து நடனத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார், கேட்க வந்த கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு. வருஷக்கணக்கில் ஊற வேண்டிய ஊறுகாயை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போடப் பார்த்தோம்.

தேறிய பக்கம்

கடைக்கார அண்ணன் எந்த லைன் வீட்டுக்கும் போகவில்லை. நேரம் இல்லைங்க, சீசன் என்றார். அந்த வாரம் நிட்டிங்கில் வேலை செய்யும் ஒரு ஒடிசாப் பையன் எரிந்துபோன சீலிங் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறான். மூன்று வருஷமாக இங்கே இருப்பவன், தமிழ் நன்றாகவே பேசுவான். அண்ணன் ஃபேனைப் பிரித்துக்கொண்டிருக்க, அவன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அண்ணன் எழுதியது அந்தக் கேள்விகளை மட்டும். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, எழுத்துப் பிழையோடு.

முதலில் சாதாரணக் கேள்விகள். ஏன் எல்லாச் சாப்பாட்டுக்கும் புளி? மாரியம்மன் கோயிலில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்களே, அந்தக் கம்பம் யார்? கம்பம் அம்மனுக்குப் புருஷன் என்று சொல்லி, அப்புறம் ஏன் அதைப் பிடுங்கித் தண்ணீரில் விடுகிறீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு அண்ணனிடம் பதில் இல்லை, பெரியவங்க வெச்ச வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். வழக்கம் என்ற அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தபோது நபீல் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டிருக்கிறான். அண்ணா, உங்க ஊர்ல மாமா பொண்ணைக் கட்டிக்குவாங்களாமே, நிஜமா? எங்க ஊர்ல மாமா பொண்ணுன்னா தங்கச்சி, ராக்கி கட்டுவாங்க. கூடப் பிறந்த மாதிரி வளர்ந்த பொண்ணை எப்படிண்ணா?

அண்ணன் கட்டியிருப்பது சொந்த மாமன் மகளை. முறைப்பெண், சீர், மாமன் மடி எல்லாம் கொங்கில் கல்யாணத்தின் எலும்பு மாதிரி, அதைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது என்றே அவருக்கு ஐம்பது வயது வரை தோன்றியதில்லை. அவர் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: "எனக்குக் காது சூடாயிடுச்சு. கோபமில்லை. அவன் அசிங்கமா கேக்கலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். ஆனா என் வீட்டை வேறொருத்தன் கண்ணால ஒரு நிமிஷம் பார்த்துட்டேன், பார்க்காம இருந்திருக்கலாம்."

இதைத்தான் நாங்கள் ஆறு பேரும் தவறவிட்டோம். லைன் வீட்டுக்குக் கேள்வியோடு போனோம், கேள்வி நம் பக்கம் திரும்பும் அளவுக்கு அங்கே யாரையும் உட்கார விடவில்லை. அண்ணன் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்ததால் அவரால் நோட்டை எடுக்க முடியவில்லை, அதனால் பிழைத்தார். கோஷும் நிறைய இடத்தில் இப்படித்தான் பிழைக்கிறார் என்று இப்போது படித்தால் தெரிகிறது. ஆராய்ச்சிக்காரனாக அவர் எடுத்த குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கித் தந்தன, ஆள் ஓட ஓட விரட்டப்பட்ட இடங்கள்தான் புத்தகமாயின.

அண்ணனின் பக்கத்தில் கடைசியாக இன்னொரு கேள்வியும் இருந்தது. பையன் அறையில் நாலு பேர், ஷிப்டு மாறி மாறி வருவதால் ஒருவன் தூங்க ஒருவன் சமைப்பான், பெரும்பாலும் தனித்தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஒருத்தருக்கு மட்டும் அரிசி எவ்வளவு போடறதுன்னு மூணு வருஷமாகியும் கணக்கு வரலைண்ணா, உங்க வீட்டுல எப்படி அளப்பீங்க என்று கேட்டிருக்கிறான். புத்தகத்திலும் இப்படி ஒரு இடம் வரும். கோஷ் தன் அறையில் கெட்டிலில் ஒருவனுக்கு மட்டும் டீக்குத் தண்ணீர் வைப்பதைப் பார்த்துவிட்டு, இப்படித் தனக்கு மட்டும் தண்ணீர் வைக்கும்போது ஊரில் விட்டு வந்தவர்கள் ஞாபகம் வருமே என்பான் நபீல். அந்த ஊரில் முதல் தடவையாக ஒருவன் தன் இடத்தில் நின்று பார்க்கிறான் என்று கோஷுக்கு அப்போது தோன்றும். அந்தப் பகுதியை நாங்கள் அண்ணனுக்குச் சொல்லவே இல்லை, முதல் வாரத்தில் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டோம். மாணவிதான் பக்கத்தைத் தேடி எடுத்து அன்றைக்கு வாசித்தாள்.

அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்து மாடிப்படியில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, "ஏனுங் மாமா, அந்தப் பையன் மாமன் மகளைப் பத்திக் கேட்டதுக்கு நீங்க என்னதான் பதில் சொன்னீங்க?" என்றார்.

"என்னத்தைச் சொல்றது புள்ள? ஃபேனை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். காயில் எரிஞ்சு போயிருக்குது, வியாழக்கிழமை வான்னு சொன்னேன்."